கூடவே வந்த கருடன்

கையில் கேமராவோடு சேலம், நாமக்கல் பக்கம் ஒரு வாரம் சுற்றுகிறவன் நாற்பது பேருக்காவது ஒரே பதிலைச் சொல்லியாக வேண்டும். டீக்கடைக்காரர் கேட்பார். கண்டக்டர் கேட்பார். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு வந்தவர்கூட விழித்து, கேட்டுவிட்டு, மறுபடி தூங்கிப் போவார். 'ஏனுங்க, போன்லயே நல்லாத்தானுங்க விழுது. இது எதுக்குங்க தனியா?'

நியாயமான கேள்விதான். என் கேமரா சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. சட்டைப் பையில் போட்டால் பை தொங்கும். பேண்ட் பையில் போட்டால் உட்கார முடியாது. கடைக்காரர்கள் பாஷையில் 'அட்வான்ஸ்டு காம்பாக்ட்'. அதாவது உடம்பு சின்னக் கேமரா, மூளை பெரிய கேமரா. துவாரத்தை எவ்வளவு திறப்பது, ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பதையெல்லாம் நாமே முடிவு செய்யலாம். உள்ளே இருக்கும் சென்சார் 13.2 மில்லிமீட்டருக்கு 8.8. சாதா காம்பாக்டில் இருப்பதைப் போல நான்கு மடங்கு பரப்பு. 2014இல் 34,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கம்பெனிப் பெயர் வேண்டாம், எல்லாக் கம்பெனிக்கும் ரசிகர் மன்றம் உண்டு.

நான் படித்தது பி.காம். அதனால் எந்தப் பொருளைப் பார்த்தாலும் தேய்மானம் போட்டுப் பார்க்கும் வியாதி உண்டு. வருஷத்துக்கு 15 சதவீதம், குறைந்து வரும் மதிப்பு முறையில் கழித்தால், பதினோரு வருஷத்துக்குப் பின் இதன் புத்தக மதிப்பு சுமார் 5,690 ரூபாய். இந்த முறையில் ஒரு அழகு. எத்தனை வருஷம் கழித்தாலும் மதிப்பு பூஜ்யம் ஆகாது. மார்க்கெட் அப்படியில்லை. ஜப்பான் கம்பெனிகள் 2010இல் உலகம் முழுக்க அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கு மேல். 2023இல் அது 80 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. மிச்சத்தையெல்லாம் போன் சாப்பிட்டுவிட்டது.

ஆனாலும் சேலத்துக்குக் கேமராவோடு போவதில் ஒரு மரியாதை இருக்கிறது. ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு நிற்கிறதே, அதற்குப் பின்னால் 1935இல் டி.ஆர். சுந்தரம் ஆரம்பித்த ஸ்டூடியோ இருந்தது. மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்' 1938இல் இங்கேதான் தயாரானது. 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' கேவா கலரில் வந்தது. தமிழின் முதல் முழு நீளக் கலர்ப் படம். சென்னையில் இல்லை சார், சேலத்தில்! இப்போது வளைவு மட்டும் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை காலை அதை ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஓமலூர் ரோட்டுப் பக்கம் வெள்ளைக்கல் மேடுகள் இருக்கின்றன. மாக்னசைட். இரும்பு உருக்கும் உலைகளுக்கு உட்புறம் செங்கல் அடுக்க உதவுகிற கல். வெட்டிக் கொட்டிய மேடுகள் வெயிலில் உப்பளம் மாதிரி கண்ணைக் கூசும். அதைப் படம் எடுத்தால், ஆச்சரியம், அழுக்கு வேட்டி மாதிரி விழும்.

காரணம் எளிது. கேமராவின் மீட்டருக்கு வெள்ளையும் தெரியாது, கறுப்பும் தெரியாது. எதைக் காட்டினாலும் 'இது நடுத்தர சாம்பல்' என்று நினைத்துக்கொள்ளும். 18 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற சாம்பல். வெள்ளையைக் காட்டினால் 'ஐயோ, வெளிச்சம் ஜாஸ்தி' என்று குறைக்கும். கறுப்பைக் காட்டினால் கூட்டும். எல்லாரையும் சராசரிக்குக் கொண்டுவரப் பார்க்கும் சில ஆபீஸ் மேனேஜர்கள் மாதிரி. இதற்குத்தான் பிளஸ், மைனஸ் போட்ட ஒரு சின்னச் சக்கரம் கேமராவில் இருக்கிறது. வெள்ளைக்கு பிளஸ் 1. கறுப்புக்கு மைனஸ் 1. இந்த ஒரு சக்கரத்தைப் புரிந்துகொண்டவர் பாதிப் புகைப்படக்காரர். சேலம் ஜில்லா இதற்குச் சரியான பள்ளிக்கூடம். இங்கே ஒன்று வெள்ளையாக இருக்கும், இல்லாவிட்டால் கரும்பாறையாக இருக்கும்.

வெள்ளையிலே வெள்ளை ஜவ்வரிசி. ராசிபுரம், ஆத்தூர் பக்கமெல்லாம் சேகோ மில்கள். மரவள்ளிக்கிழங்கை (இங்கே குச்சிக்கிழங்கு) தோல் சீவி, அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் தேக்கி, அடியில் படிகிற மாவைக் குலுக்கிக் குலுக்கி உருண்டையாக்கி, வறுத்து, பிறகு சிமெண்ட் களத்தில் காயப்போடுகிறார்கள். களம் என்றால் நாலு கிரிக்கெட் பிட்ச் அளவுக்கு வெள்ளை. நடுவில் தலையில் துண்டு கட்டிய பெண்கள் அதைக் கிளறிவிட்டுக்கொண்டே இருப்பார்கள். நாம் பாயசத்தில் பார்க்கிற அந்தக் கண்ணாடிக் குண்டுகளுக்குப் பின்னால் இத்தனை முதுகுவலி இருக்கிறது.

திங்கட்கிழமை ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு களத்தில், மேஸ்திரியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு எடுத்துக்கொண்டிருந்தேன். அறுபது தாண்டிய ஒரு ஆயா கிட்டே வந்தார். 'என்னைய ஒண்ணு புடி கண்ணு, பாப்போம்.'

முதலில் போனில் எடுத்துக் காட்டினேன். ஆயா பார்த்தார். பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். 'ஆருங்க இது? எம்மருமவளுக்கு அக்காளாட்டம் இருக்குது!' களமே சிரித்தது. போனின் தப்பு என்று சொல்ல முடியாது. முகத்தைக் கண்டுபிடித்து, வெளிச்சம் ஏற்றி, சுருக்கத்தை இஸ்திரி போட்டுக் கொடுப்பதுதான் அழகு என்று யாரோ அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நாற்பது வருஷ வெயிலை அரை செகண்டில் துடைத்துவிட்டது.

பிறகு கேமரா. பிளஸ் 1.3 வைத்தேன். ஜவ்வரிசிக் களத்தில் ஒரு வசதி உண்டு. தரையிலிருந்து வெளிச்சம் மேலே எழும்பி, துண்டின் நிழலுக்குள் இருக்கும் முகத்தில் மெத்தென்று விழும். ஸ்டூடியோக்காரர்கள் வெள்ளைத் துணி கட்டி இதைச் செய்வார்கள். படத்தைக் காட்டினேன். கறுப்பு கறுப்பாக இருந்தது. சுருக்கங்கள் அத்தனையும் இருந்தன. புருவத்தில் ஒட்டிய மாவு இருந்தது. ஆயா ரொம்ப நேரம் பார்த்தார்.

'இது நாந்தான்' என்றார். அப்புறம் குரலைத் தணித்து, 'நாம் போனா மாலை போட்டு மாட்ட ஊட்ல ஒரு போட்டோ இல்ல சாமி. ஆதார் கார்டுல இருக்கறதுதான். அது எம்மூஞ்சியே இல்ல. வெள்ளிக்கெழமை தலைக்குத் தண்ணி வாத்துக்கிட்டு நல்ல சீலை கட்டிட்டு வாரேன். அப்ப ஒண்ணு எடுத்து, கழுவிக் குடு. இந்த டப்பாலயே எடு. அது வேண்டாம்' என்று என் போனைக் கண்ணால் காட்டினார்.

சரி ஆயா என்றேன். அணைக்கும்போது லென்ஸ் உள்ளே போகையில் ஒரு சத்தம். கர்ர்ர். பல்லிடுக்கில் மணல் கடிபட்ட மாதிரி.

செவ்வாய்க்கிழமை நாமக்கல். 1997 ஜனவரி முதல் தேதி சேலத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லா. ஊருக்கு நடுவில் ஒரே பாறை, அதன்மேல் கோட்டை. மேற்குச் சரிவில் குடைந்த நரசிம்மர், கிழக்குச் சரிவில் ரங்கநாதர். எதிரே கூரையில்லாமல், வெயில் மழை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு கைகூப்பி நிற்கும் 18 அடி ஆஞ்சநேயர். கோவிலுக்குள் கேமராவை வெளியே எடுக்கவில்லை. கமலாலயக் குளக்கரையிலிருந்து பாறையை மட்டும் பத்துப் படம் எடுத்தேன். எதிர்வெயில். துவாரத்தை நன்றாகச் சுருக்கி, எஃப் 11.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மாமி எட்டிப் பார்த்து, 'அடடா, கருடன்!' என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பார்த்தால், கோட்டைக்கு மேலே வானத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. அண்ணாந்து பார்த்தேன். வானம் காலி. அடுத்த படத்தைத் தள்ளினேன். அதே இடத்தில் கருடன். அதற்கடுத்த படத்திலும். முந்தின நாளின் ஜவ்வரிசிக் களத்திலும் கருடன் பறந்துகொண்டிருந்தது. மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவில் இல்லை.

மாமியிடம் உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன். சென்சாரில் தூசி. ஜூம் லென்ஸ் உள்ளே வெளியே போகும்போது சைக்கிள் பம்ப் மாதிரி காற்றை இழுத்துத் தள்ளும். காற்றோடு தூசியும் போகும். துவாரம் பெரிதாக இருந்தால் தூசியின் நிழல் கலைந்துவிடும், தெரியாது. எஃப் 8, எஃப் 11 என்று சுருக்கினால் புள்ளி பளிச்சென்று விழும். லென்ஸ் கழற்றி மாட்டுகிற பெரிய கேமராவாக இருந்தால் லென்ஸைக் கழற்றி ஊதிவிடலாம். காம்பாக்டில் லென்ஸ் உடம்போடு பிறந்தது. கர்ணனின் கவசம்.

நாமக்கல்லில் பாடி கட்டும் லாரிப் பட்டறைகளைப் பார்க்காமல் வரக்கூடாது. சேஸிஸ் மட்டும் வெறும் எலும்பாக உள்ளே போகும். கேபின், கேரியர், பெயிண்ட், எலுமிச்சம்பழம் எல்லாம் சேர்ந்து கல்யாண மாப்பிள்ளையாக வெளியே வரும். பதினைந்து வருஷ லாரியைப் பிரித்துப் போட்டு, மறுபடி ஓட வைப்பது இவர்களுக்கு இட்லி சாப்பிடுகிற மாதிரி. அங்கே எடுத்துக்கொண்டிருந்தபோது லென்ஸ் பாதியில் நின்றது. வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். 'ஸ்க்ரூவே வெளிய தெரியலைங்களே. கழட்டக் கூடாதுன்னே செஞ்சிருக்கானுங்க' என்றார். ஒரு பொருளைப் பற்றி நாமக்கல் பட்டறையில் சொல்லக்கூடிய ஆக மோசமான வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன். 'சின்னச் சாமான்னா செங்கோட்டுல ரிக் மெக்கானிக்குங்களைக் கேட்டுப் பாருங்க' என்று ஒரு யோசனையும் தந்தார்.

அணைத்துப் போட்டதும் ஓடியது. அந்தத் தைரியத்தில் புதன்கிழமை கொல்லிமலை ஏறினேன். 70 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் படம் எடுக்க நினைக்காதீர்கள், காலைச் சிற்றுண்டியைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையாக நிற்கிறார். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தவர். என் கேமரா செகண்டுக்குப் பத்துப் படம் எடுக்கும், பத்தும் மங்கலாக. ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேல் படிகள் இறங்கி, சாரலுக்கு எட்டத்தில் நின்று பட்டனை அழுத்தினேன். கர்ர்ர். திரையில் செய்தி: 'லென்ஸ் பிழை. அணைத்துவிட்டு மறுபடி இயக்கவும்.' இயக்கினேன். இயங்கவில்லை. அருவியை மனசில் எடுத்துக்கொண்டு ஆயிரம் படி ஏறினேன்.

லென்ஸ் பிழை என்பது என்ன? லென்ஸ் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்றாகப் பிளாஸ்டிக் பல்சக்கரங்களில் நகர்கின்றன. நடுவில் ஒரு மணல் சிக்கினால் மோட்டார் திணறும். லென்ஸ் போக வேண்டிய இடத்துக்குக் குறித்த நேரத்தில் போய்ச் சேராவிட்டால், பல் உடைவதற்கு முன் சர்க்யூட் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். கேமரா செத்துப்போகவில்லை, வேலைநிறுத்தம்.

கைவைத்தியங்கள் சில உண்டு. பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிஷம் சும்மா வையுங்கள். பித்தளைப் புள்ளிகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து முழுசாகச் சார்ஜ் ஏற்றுங்கள், பாதி பேட்டரியில் மோட்டாருக்குத் தெம்பு போதாது. லென்ஸைத் தரையைப் பார்க்கப் பிடித்து, உள்ளங்கையில் மெல்லத் தட்டியபடி இயக்குங்கள். குழாய்க்கும் வளையத்துக்கும் நடுவே மெல்லிசுக் காகிதத்தை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் சில சமயம் மணல் வெளியே வரும். கையால் மட்டும் பிடித்து இழுக்காதீர்கள், பல் போய்விடும். இதையெல்லாம் கொல்லிமலை லாட்ஜில் ராத்திரி பதினோரு மணி வரை செய்தேன். பேட்டரியைக் கழற்றி மாட்டியதில் கேமரா தேதியையும் மறந்துபோய், 2014 ஜனவரி 1 என்று காட்டியது. உள்ளே தேதிக்கென்று இருக்கும் குட்டி பேட்டரியும் போயே போச்சு. ராமானுஜத்துக்குக் கனவில் கணக்குச் சொன்ன நாமகிரித் தாயார் மலைக்குக் கீழேதான் இருக்கிறாள். என் கனவில் யாரும் வரவில்லை.

வியாழன் காலை சர்வீஸ் சென்டருக்குப் போன். அந்தப் பெண் குரல் மிகவும் மரியாதையாகப் பேசியது. 'சார், அந்த மாடலுக்கு ஸ்பேர்ஸ் நிறுத்திட்டாங்க. புது மாடல் எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கு.' மணலை எடுக்க ஸ்பேர்ஸ் எதற்கு அம்மா என்றேன். 'லென்ஸைப் பிரிக்க மாட்டோம் சார், யூனிட்டாத்தான் மாத்துவோம்.' நம் மத்திய அரசு 2022 டிசம்பரில் 'ரிப்பேர் செய்யும் உரிமை'க்கென்றே ஒரு இணையதளம் திறந்தது. விவசாய இயந்திரம், போன், வாகனம், வீட்டுச் சாமான் கம்பெனிகள் ரிப்பேர் விவரங்களைச் சொல்ல வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம். என் மணலுக்கு அங்கே விண்ணப்பம் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் வருமா?

திருச்செங்கோடு போனேன். அர்த்தநாரீஸ்வரர் மலைக்குக் கீழே தெருவுக்குத் தெரு ரிக் வண்டிகள். இந்தியாவில் எந்த மூலையில் போர் போட்டாலும் வண்டியின் பின்னால் திருச்செங்கோடு என்று எழுதியிருக்கும். ஒரு பட்டறையில் இளைஞர் ஒருவர் கம்ப்ரஸர் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு, 'ஒரே அடி, காத்துல பறந்துரும்ங்க' என்று கிட்டே வந்தார். கல்லுக்குள் நூறு அடி ஆழத்து மண்ணை வெளியே தள்ளுகிற காற்று அது! நான் கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

உள்ளேயிருந்து தலைமை மெக்கானிக் வந்தார். 'டேய், அடிக்காத' என்றார். 'சார், போர்க் குழிக்குக் காத்து அனுப்புனா மண்ணு மேல வர வழி இருக்குதுங்க. உங்க டப்பால வழி இல்ல. அடிச்சா உள்ளதான் போவும். இதுக்கு உறிஞ்சணும்ங்க.' லென்ஸுக்குள் போன தூசியைப் பற்றி இவ்வளவு தெளிவாக எந்த கேமராக் கடையிலும் எனக்குச் சொன்னதில்லை. 'நம்மகிட்ட அதுக்கு டூல்ஸ் இல்லைங்க. சேலம் டவுன்ல பழைய கேமரா பிரிக்கற பெரியவர் ஒருத்தர் இருக்காரு' என்று வழியும் சொன்னார்.

ஒரு மாடிப்படிக்குக் கீழே, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டிய கடை. ஆணியில் யாஷிகாக்களும் ஜெனித்களும் தொங்கின. பெரியவர் கடிகாரக் கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு, கேமராவைக் காதருகே வைத்து ஒருமுறை இயக்கினார். 'மண்ணு மட்டும் இல்லீங்க தம்பி, மாவும் இருக்குது. எங்க போனீங்க, சேகோ மில்லுக்கா?' சத்தத்தை வைத்துச் சொன்னார்! சேலத்து டாக்டர்.

ரப்பர் பிடிக்கு அடியில் ஒளிந்திருந்த ஸ்க்ரூக்களைக் கழற்றி, ஒரு வெள்ளைத் தாளில் கேமராவின் படம் வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அங்கேயே வைத்தார். திறந்ததும் முதல் வேலையாக, மரப்பிடி போட்ட ஒரு கருவியால் ஃப்ளாஷ் கண்டென்சரைத் தொட்டு மின்சாரத்தை இறக்கினார். இதனால்தான் வீட்டில் பிரிக்காதீர்கள் என்கிறேன். பேட்டரியை எடுத்த பிறகும் அதில் 300 வோல்ட் வரை உட்கார்ந்திருக்கும், தொட்டால் கை உதறும். குழாய்க்குள் மணலும் மாவும் பழைய கிரீஸும் சேர்ந்து களியாகியிருந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த குச்சியால் ஒரு மணி நேரம் துடைத்தார். மூடியபின், சின்ன வாக்குவம் கிளீனரின் முனையில் துணி சுற்றி லென்ஸின் மேல் பிடித்து, ஜூமை முன்னும் பின்னும் ஓட்டச் சொன்னார். ரிக் மெக்கானிக் சொன்ன அதே வைத்தியம். உறிஞ்சியது.

வெள்ளைச் சுவரை எஃப் 11இல் எடுத்துப் பார்த்தோம். கருடன் பறந்துபோயிருந்தது. 900 ரூபாய். தேதி பேட்டரி போர்டோடு பற்ற வைத்தது, அதைத் தொட வேண்டாம் என்றுவிட்டார். 'வருஷத்தைக் கேட்டா நீங்களே சொல்லிக்கோங்க.'

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குக் களத்துக்குப் போனேன். ஆயா மஞ்சள் பூசி, கரும்பச்சைச் சேலையில், தலையில் துண்டில்லாமல் நின்றார். ஜவ்வரிசி ஓரமாக நிற்கவைத்து, பிளஸ் 1.3, எஃப் 4, மூன்று படம். மூன்றாவதில் லேசாகச் சிரித்தார். அதுதான் வேண்டும் என்றார். ராசிபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்டூடியோவில் பெரிசாக பிரிண்ட் போட்டு, மத்தியானம் கொண்டுவந்து கொடுத்தேன். வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். 'இப்பவே மாட்டிராதீங்க ஆயா' என்றேன். 'பொட்டியில வெப்பேன் கண்ணு. அவசரம் என்ன' என்றார்.

அதற்குள் களத்தில் பாதிப் பேர் கை கழுவிக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டார்கள். மேஸ்திரி முதலில் சத்தம் போட்டார், பிறகு அவரும் தலை சீவிக்கொண்டு வந்தார். பேட்டரியில் ஒரு கட்டம்தான் பாக்கி. மோட்டார் ரூமில் பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்று கேட்டேன்.